இறங்கும்போது வாங்கிக்கிறேன்

எங்கள் ரயிலில் ஒரு பழக்கம் உண்டு. வேறு ஊர் ரயில்களிலும் இருக்கலாம். நான் போனதில்லை, அதனால் எங்களுடையது என்றே சொல்லிக்கொள்கிறேன். காலையில் மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பிப் பெங்களூர் போகிற வண்டியில், சாம்பியன் ரீப்ஸிலும் உரிகத்திலும் ஏறுகிறவர்களுக்கு உட்கார இடம் கிடைக்கும். பங்காருப்பேட்டையில் ஏறுகிறவர்களுக்கு நிற்கத்தான் இடம், அதுவும் ஒற்றைக் காலில். அதனால் உட்கார்ந்திருப்பவர்கள் மடி கொடுக்க வேண்டும். நிற்பவர்களின் பை, டிபன் கேரியர், ஹெல்மெட், குழந்தை எல்லாம் எங்கள் மடிக்கு வரும். கேட்பதுகூட இல்லை. "இறங்கும்போது வாங்கிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே வைத்துவிடுவார்கள். பெயர் தெரிய வேண்டியதில்லை. என்ன ஜாதி, எந்தக் கோயில், எந்தச் சர்ச்சு, ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. வைத்தவருடைய ஸ்டேஷன் வருவதற்கு முன்னால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அதுதான் சட்டம். பதினான்கு வருஷமாக இந்த வண்டியில் போகிறேன். ஒரு குழந்தையும் காணாமல் போனதில்லை. குடைகள் போயிருக்கின்றன.

எங்கள் பெட்டியிலேயே பெரிய மடி ஈவ்லினுடையது. அவளுடைய உடம்பு வாகு அப்படி. மாலூர்க்காரிகள் ஏறியதும் கண்ணால் அவளைத்தான் தேடுவார்கள். ஒரே நேரத்தில் இரண்டு குழந்தைகளையும் ஒரு பூக்கூடையையும் அவள் வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். "உன் மடிக்கு டிக்கெட் போட்டா ரயில்வேக்கே லாபம்டி" என்பேன். சிரிப்பாள். அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. கிருஷ்ணராஜபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை. சட்டைத் தையலில் குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். ஆனால் மனிதர்களிடம் குற்றம் கண்டுபிடிக்க அவளுக்குத் தெரியாது. அவளிடம் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம் அதுதான். நான் கன்டோன்மென்ட்டில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். குற்றம்தான் எனக்குச் சோறு போடுகிறது.

ஈவ்லினின் அப்பா மாணிக்கராஜ், எங்கள் ஊர்த் தங்க மைன்ஸ் மூடுகிற வரைக்கும் ஷாஃப்டில் இறங்கி வேலை பார்த்தவர். மூடின பிறகு சில வருஷங்கள் இருமிக்கொண்டு கிடந்து போய்ச் சேர்ந்தார். அம்மா அதற்கும் முன்னாலேயே போய்விட்டாள். மிச்சம் இருந்தது ஈவ்லினும், அவளைவிடப் பதினோரு வயது சின்னவளான ஷைலாவும். தங்கையை நர்ஸ் படிக்க வைத்தது ஈவ்லின்தான். பெண் கேட்டு வந்தவர்களிடமெல்லாம் "ஷைலா மொதல்ல படிச்சி முடிக்கட்டும்" என்று சொல்லி அனுப்பினாள். ஷைலா படித்து முடித்தாள். அதற்குப் பிறகு ஈவ்லினைக் கேட்டு யாரும் வரவில்லை. அதைப் பற்றி அவள் என்னிடம் ஒரு நாளும் குறைபட்டுக்கொண்டதில்லை. நான்தான் அவளுக்கும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருப்பேன்.

ஷைலாவும் கொஞ்ச காலம் எங்கள் வண்டியில்தான் வேலைக்குப் போனாள். ராபர்ட்சன்பேட்டைப் பையன் ஷெர்வினைக் கட்டிக்கொண்டாள். அவன் கனடா போய், டொராண்டோவில் ஒரு பெரிய குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். அவனுடைய அக்கா லவினா குடும்பத்தோடு அங்கேதான் இருந்தாள். இங்கே பிரசவம் முடிந்ததும் ஷைலாவும் குழந்தையும் போய்ச் சேர்வதாக ஏற்பாடு. பெண் குழந்தை பிறந்தது. ஜெமைமா என்று ஞானஸ்நானம் கொடுத்தார்கள்.

குழந்தைக்கு இரண்டு மாதம் நடந்துகொண்டிருந்தபோது ஷைலாவுக்கு டெங்கு வந்தது. உள்ளூரில் காட்டினார்கள், பிறகு பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரி வராண்டாவில் ஈவ்லின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். ஷைலா வீல்சேரில், கையில் குழந்தை. உள்ளே தள்ளிக்கொண்டு போக ஆள் வந்துவிட்டான். ஷைலா குனிந்து குழந்தையை அக்காவின் மடியில் வைத்தாள். "புடிக்கா. வரும்போது வாங்கிக்கிறேன்" என்றாள். நடுவில் ஒரு தடவை திரும்பிப் பார்த்து, "தொப்பி போட்டு வை, காத்து அடிக்குது" என்றாள். அவ்வளவுதான். அவள் வரவில்லை.

சாம்பியன் ரீப்ஸ் கல்லறையில் புதைத்தோம். ஷெர்வின் வந்தான். லீவு இரண்டு வாரம்தான் கிடைத்ததாம். அவனைத் திட்ட வேண்டும் என்று நான் தயாராகத்தான் போனேன். ஆனால் அவனைப் பார்த்தால் திட்ட முடியவில்லை. குழந்தையைத் தூக்கினால் கை நடுங்கும், உடனே யாரிடமாவது கொடுத்துவிடுவான். போகிற அன்று ஈவ்லினிடம், "அக்கா, பேப்பரெல்லாம் ரெடியாவுற வரைக்கும் பாத்துக்கோங்க" என்றான். "நீ போயிட்டு வா. அவ எங்கிட்ட இருப்பா" என்றாள் ஈவ்லின்.

சம்பளமில்லாத லீவு எத்தனை நாளைக்குத் தாங்கும்? குழந்தைக்கு ஐந்து மாதம் ஆனதும் ஈவ்லின் அவளைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினாள். கம்பெனியிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறையும் ஆயாவும் உண்டு. அதுவரைக்கும் பிறத்தியார் குழந்தைகளை வைத்திருந்த மடியில் இப்போது ஜெமைமா. ஆனால் அவளை அங்கே யார் இருக்க விட்டார்கள்? உரிகத்தில் நான் ஏறியதும் நான் வாங்கிக்கொள்வேன். கோரமண்டலில் ஏறுகிற சம்பங்கி என்னிடமிருந்து பிடுங்கிக்கொள்வாள். இப்படியே கைமாறிக் கைமாறி ஜன்னல் ஓரம் வரைக்கும் போய்விடுவாள். பல் முளைத்தது எங்கள் மடியில்தான். என் கைப்பையின் வாரில் இன்னும் அந்தப் பல் தடம் இருக்கிறது. யார் கையை நீட்டினாலும் போவாள். அழவே மாட்டாள்.

ஆனால் அவளுக்கும் ஒரு கணக்கு இருந்தது. வண்டி வேகம் குறைந்தால் போதும், எந்த மடியில் இருந்தாலும், வாயில் பிஸ்கட் இருந்தாலும், இரண்டு கையையும் மேலே தூக்கி ஈவ்லினைத் தேடுவாள். கிருஷ்ணராஜபுரத்தில் ஈவ்லின் எழுந்து வந்து அந்தக் கைகளுக்கு அடியில் தன் கையைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு இறங்குவாள். சிக்னலுக்காக வண்டி நடுக்காட்டில் நின்றாலும் கை மேலே போய்விடும். "இன்னும் ஸ்டேஷன் வரலடி, கைய எறக்கு" என்று பெட்டியே சிரிக்கும். வண்டி மறுபடியும் கிளம்பினால் தானாக இறக்கிக்கொள்வாள். அதில் எங்களுக்கு எவ்வளவு பெருமை! ரயில்வே கார்டுக்குக்கூட இவ்வளவு பொறுப்பு கிடையாது என்பேன்.

பேப்பர் ரெடியாகிவிட்டது என்று ஷெர்வின் ஃபோன் செய்தபோது குழந்தைக்கு ஒரு வயது ஆகப்போகிறது. அவனுக்கு மறுபடியும் லீவு கிடையாது. ஈவ்லின் விசிட்டர் விசாவில் குழந்தையைக் கொண்டுவந்து விட்டு, மூன்று வாரம் இருந்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

நான் சும்மா இருக்கவில்லை. குழந்தையை ஈவ்லினே வைத்துக்கொள்ள வழி உண்டா என்று எங்கள் வக்கீலிடம் கேட்டேன். தகப்பன் இருக்கிறான், சம்பாதிக்கிறான், கஷ்டம்தான். ஆனாலும் கேஸ் போட்டால் இழுக்கலாம் என்றார். இழுத்தால் போதாதா? குழந்தை அதற்குள் ஸ்கூலுக்குப் போய்விடும். மறுநாள் ரயிலில் இதை ஈவ்லினிடம் சொன்னேன்.

"நீ ஒரு கையெழுத்து போடு போதும். மீதிய நான் பாத்துக்கறேன்."

அவள் குழந்தையின் காதைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "இன்னா வாணி நீ, ஒண்ணும் தெரியாத மாதிரி பேசற? அவ எங்கிட்ட வெச்சிக்கன்னு குடுத்தா. எடுத்துக்கன்னு குடுக்கல."

"குடுத்தவதான் இல்லயேடி."

"அவ இல்லன்னா அவ வூட்டுக்காரன் கீறான் இல்ல? மடியில வெச்சது ஒருத்தர், வாங்கிக்கறது இன்னொருத்தர், நம்ம வண்டியில நடக்காததா?"

"உனக்கு மனசு கேக்குதா?"

"கேக்கல" என்றாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். "கேக்கலதான். அதுக்கு இன்னா பண்றது?" அன்றைக்கு முழுவதும் அவளோடு நான் பேசவில்லை. நல்லவர்கள்மேல் எனக்கு வருகிற எரிச்சலுக்கு அளவே இல்லை.

பயணம் முழுவதையும் பிறகு அவள் எனக்குத் துண்டு துண்டாகச் சொன்னாள். டேக்கலுக்கும் மாலூருக்கும் நடுவில் கொஞ்சம், ஒயிட்ஃபீல்டு தாண்டிக் கொஞ்சம். அவளுடைய அப்பாவோடு வேலை பார்த்த சகாயம் பெரியப்பாவும் நானும் ஏர்போர்ட் வரைக்கும் காரில் போனோம். அவர் வழியெல்லாம் ஒரே பாடம். "மைன்ஸுல கேஜ் கூண்டு எறங்கறப்ப காது அடைச்சிக்கும்மா. நாங்க எச்சில முழுங்கிகினே போவோம். பிளேனும் அப்டிதான் சொல்றாங்க. அது எறங்கறப்ப பால் பாட்டில வாயில வெச்சிடு, சப்பிகினே இருந்தா ஒண்ணும் ஆவாது." ஈவ்லின் பயணப் பையில் துணியைவிட ராகி மாவும் பால் பவுடரும்தான் அதிகம். ஜெமைமா எங்கள் இருவருக்கும் சிரித்துக்கொண்டே டாட்டா காட்டினாள். தினமும் காட்டுகிற டாட்டாதானே.

ஜெர்மனியில் விமானம் மாற வேண்டும். முதல் விமானத்தில் முன்வரிசை கிடைத்தது. சுவரில் தொட்டில் மாட்டிக் கொடுத்தார்கள். ஜெமைமா காலை மடக்கிக்கொண்டு தூங்கினாள். ஈவ்லின் தூங்கவில்லை. தூங்கினால் அந்த நேரம் வீணாகிவிடும் என்று நினைத்தாளாம். கழுத்து வலிக்க வலிக்கத் தொட்டிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். "எல்லாரும் எப்ப போய்ச் சேருவோம்னு கடிகாரத்த பாக்கறாங்க வாணி. நான் ஒருத்திதான் போய்ச் சேரக்கூடாதுன்னு உக்காந்துகினு கீறேன்."

இரண்டாவது விமானத்தில்தான் வம்பு. அதில் தொட்டில் இல்லை, நடு இருக்கை. ஒன்பது மணி நேரத்துக்கு ஒரு வயதுக் குழந்தையை மடியிலேயே வைத்திருப்பது என்றால் என்னவென்று வைத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும். நடைபாதையில் தூக்கிக்கொண்டு நடந்தாள். கஞ்சி கரைத்துக் கொடுத்தாள், பாதி தன் புடவைமேல் வந்தது. துணி மாற்றுகிற பலகை கழிப்பறைக்குள் ஒரு முழம் அகலம். அதில் குழந்தையைப் படுக்க வைத்து, தன் வயிற்றால் அண்டக்கொடுத்து மாற்றினாள். மூன்று தடவை அப்படி. நான்காவது தடவை அவளுக்கே போக வேண்டியிருந்தது. குழந்தை முழித்துக்கொண்டிருந்தது. பக்கத்து சீட்டில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், பேப்பரில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஈவ்லின் என்ன செய்வாள்? பதினைந்து இருபது வருஷமாக எதைப் பார்த்தாளோ அதைத்தான் செய்தாள். பெரியவர் மடியில் இருந்த பேப்பரை மெல்ல ஓரமாக நகர்த்தினாள், ஜெமைமாவை அங்கே உட்கார வைத்தாள், "வந்து வாங்கிக்கிறேன்" என்று தமிழிலேயே சொன்னாள், கழிப்பறைக்குப் போய்விட்டாள்.

திரும்பி வரும்போது அங்கே ஒரு கூட்டம். குழந்தையை அவர் கொதிக்கிற பாத்திரத்தைப் பிடிப்பதுபோலக் கையை நீட்டிப் பிடித்திருந்தாராம். விமானப் பணிப்பெண்கள் இரண்டு பேர், தலைமை அதிகாரி ஒருவர். யாரோ ஒரு பெண் குழந்தையை விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று பெரியவர் பட்டனை அமுக்கி அவர்களைக் கூப்பிட்டிருக்கிறார். பறக்கிற விமானத்தில் விட்டுவிட்டு எங்கே போவாள் என்று அவர்களுக்குத் தோன்றாதா? எனக்குத் தோன்றுகிறது. ஜெமைமா மட்டும் பெரியவருடைய மூக்குக்கண்ணாடிக் கயிற்றைச் சப்பிக்கொண்டு சௌகரியமாக இருந்தாள்.

அவர்கள் கேட்ட இங்கிலீஷ் ஈவ்லினுக்குப் பிடிபடவில்லை. பின்வரிசையிலிருந்து ஓர் இலங்கைத் தமிழ்ப் பெண் எழுந்து வந்தாள்.

"பிள்ளை உங்கடையோ எண்டு கேக்கினம், அக்கா."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆறேழு மாதமாக மாலூரில் ஏறுகிற எத்தனையோ பேர் "உங்க கொழந்தயா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவள் சிரித்துவிட்டு இருந்துவிடுவாள். நாங்களும் வாயைத் திறக்க மாட்டோம். யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் இப்போது யூனிஃபார்ம் போட்டவர்கள் கேட்கிறார்கள்.

"இல்ல" என்றாள் ஈவ்லின். "என் கொழந்த இல்ல. என் தங்கச்சி கொழந்த. அவ எறந்துட்டா. இத அவங்க அப்பாகிட்ட குடுக்கப் போறேன்."

அந்தப் பெண் அதை இங்கிலீஷில் சொன்னாள். ஈவ்லின் பையைத் திறந்து காகிதங்களை எடுத்து நீட்டினாள்: பிறப்புச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், ஷெர்வின் அனுப்பிய சம்மதக் கடிதம். தலைமை அதிகாரி படித்துப் பார்த்தார். பணிப்பெண் ஒருத்தி முட்டிபோட்டு உட்கார்ந்து ஈவ்லினின் கையைப் பிடித்துக்கொண்டாள். குழந்தையைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

"ஷைலாவ மண்ணுல வெச்சப்பகூட எனக்கு அப்டி ஆவல வாணி" என்று இதைச் சொல்லும்போது ஈவ்லின் சொன்னாள். "இல்லன்னு நானே என் வாயால சொன்னேன் பாரு, அப்பதான் வயிறே காலியான மாதிரி ஆயிடுச்சி. பெத்தவளுக்குத்தான வயிறு? எனக்கு எதுக்கு ஆவணும்?"

 

விமானத்தில் அந்தப் பெரியவருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.  பேப்பரை மடித்து வைத்துவிட்டு, தன் தொடையைத் தானே தட்டிக் காட்டி, கையை நீட்டினார். மடி கொடுத்தார். ஈவ்லின் குழந்தையை வைத்தாள். அதற்கப்புறம் வழியெல்லாம் ஜெமைமா அவரிடம்தான். கண்ணாடிக் கயிறு போச்சு.

விமானம் இறங்கத் தொடங்கியது. இன்ஜின் சத்தம் குறைந்தது, வேகம் தளர்ந்தது. பெரியவர் மடியில் இருந்த ஜெமைமா இரண்டு கையையும் மேலே தூக்கினாள். ஏதோ விளையாட்டு என்று நினைத்து அவரும் தன் இரண்டு கையையும் தூக்கினாராம். ஈவ்லின் குழந்தையை வாங்கி, பெல்ட் போட்டு, பால் பாட்டிலை வாயில் வைத்தாள். சகாயம் பெரியப்பா சொன்னது சரிதான், காது வலி வரவில்லை. ஈவ்லினுக்குத்தான் காது அடைத்துக்கொண்டது. அவள் எச்சில் விழுங்க மறந்துவிட்டாள்.

வெளியே ஷெர்வினும் லவினாவும் நின்றிருந்தார்கள். ஷெர்வின் கையில் ஒரு பலூன், முகத்தில் ரத்தமே இல்லை. குழந்தை தன்னைப் பார்த்து வீறிட்டு அழும் என்று அவனுக்குப் பயம். வாரக்கணக்காக அதே பயத்தில் இருந்தானாம். அழ வேண்டும் என்று ஈவ்லினுக்கு ஆசை. அதையும் மறைக்காமல் சொன்னாள். "ஒரே ஒரு தடவ என் கழுத்த கட்டிகினு மாட்டேன்னு அழட்டும் ஆண்டவரேன்னு ஜெபம் பண்ணேன் வாணி. அப்புறம் குடுத்துடறேன்னு சொன்னேன்."

ஷெர்வின் கையை நீட்டினான். ஜெமைமா போனாள். அழவில்லை. போனதும் அவன் மூக்கைப் பிடித்து இழுத்தாள்.

ஷெர்வின் அங்கேயே உடைந்து அழுதான். "அழவே இல்லக்கா! பாருங்க, அழவே இல்ல. என்ன அவளுக்குத் தெரியுதுக்கா!"

"ரத்தம்டா அது. தெரியாம போவுமா?" என்றாள் ஈவ்லின்.

ரத்தமாம்! சம்பங்கி மடி, என் மடி, மாலூர்க்காரி மடி என்று சொல்லியிருக்கலாம். யார் கையை நீட்டினாலும் போகிறமாதிரி அவளைப் பழக்கியது எங்கள் பெட்டி. அந்தப் பாவம் எங்களைச் சேர்ந்தது. ஆனால் மனைவியைப் பறிகொடுத்த ஒருவன் முதல்முதலாகக் கை நடுங்காமல் தன் பிள்ளையைத் தூக்கியிருக்கும்போது அதை யார் சொல்வார்கள்? நான் சொல்லியிருப்பேன். ஈவ்லின் சொல்ல மாட்டாள்.

மூன்று வாரமும் அவள் குழந்தையைக் குளிப்பாட்டவில்லை, ஊட்டவில்லை. எல்லாவற்றையும் ஷெர்வினைச் செய்ய வைத்துவிட்டு, பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தாள். ராகிக் கஞ்சி எந்தப் பதம், முதுகில் எந்த இடத்தில் தட்டினால் தூங்குவாள், எல்லாம். ஒரு வயதுப் பிறந்தநாள் கேக்கை அவன் மடியில்தான் உட்கார வைத்து வெட்டினார்கள். ஃபோட்டோவில் ஈவ்லின் இல்லை. ஃபோட்டோ எடுத்தது அவள்தான்.

திரும்புகிற அன்று ஏர்போர்ட்டுக்கு ஷெர்வின் கார் ஓட்டினான். பின் சீட்டில் குழந்தைக்கான நாற்காலியில் ஜெமைமா, பக்கத்தில் ஈவ்லின். வாசல் வந்ததும் கார் வேகம் குறைந்தது. இரண்டு கையும் மேலே போயிற்று. ஈவ்லின் பெல்ட்டை அவிழ்த்துத் தூக்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு ஷெர்வினிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். ஜெமைமா சிரித்துக்கொண்டே டாட்டா காட்டினாள் என்று ஷெர்வின் பிறகு ஃபோனில் சொன்னான். ஈவ்லின் பார்க்கவில்லை. திரும்பினால் குழந்தை கையைத் தூக்கிவிடும் என்று பயந்து, நேராகப் பார்த்துக்கொண்டே போனாளாம்.

ஊருக்கு வந்த மறு திங்கட்கிழமையே வேலைக்கு வந்துவிட்டாள். சாம்பியன் ரீப்ஸில் முதலில் ஏறுகிறவள், பெட்டி முழுவதும் காலி, ஆனாலும் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். நான் உரிகத்தில் ஏறிப் பார்க்கிறேன், நிற்கிறாள்.

"உக்காருடி. இன்னா வேண்டுதலா?"

"கால் மரத்துப் போவுது வாணி. நிக்கறேனே."

கால் மரத்தவர்கள் நிற்பார்களா? எனக்குப் புரிந்தது. உட்கார்ந்தால் மடி கேட்பார்கள். கிருஷ்ணராஜபுரம் வரைக்கும் நின்றாள். மறுநாளும் நின்றாள். சாயங்காலம் திரும்பும்போதும் அப்படியே. நான் கன்டோன்மென்ட்டில் ஏறி அவளுக்கு இடம் போட்டு வைத்தால், அதை யாருக்காவது கொடுத்துவிட்டு என் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பையை மட்டும் என் மடியில் வைப்பாள். மாலூர்க்காரிகள் பழக்க தோஷத்தில் அவளைத் தேடிவிட்டு, அவள் நிற்பதைப் பார்த்து, குழந்தையை என்னிடம் தருவார்கள். நான் ஒல்லி. குழந்தைகளுக்கு என் மடி சரிப்படாது. நெளியும்.

இப்படி இரண்டு மாதத்துக்குமேல் போயிருக்கும். ஒரு சாயங்காலம், ஒயிட்ஃபீல்டு தாண்டியபோது ஷெர்வினிடமிருந்து ஃபோன். அங்கே அது காலை நேரம். குழந்தையை டே கேரில் விட்டுவிட்டுக் காரில் உட்கார்ந்தபடி பேசினான். வண்டிச் சத்தத்தில் கேட்கவில்லை என்று ஈவ்லின் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, ஒரு டவுட்டு. ஜெம்மிக்கு ஒண்ணுமில்ல, நல்லாதான் கீறா. ஆனா கார்ல போறப்ப ஒண்ணு பண்றா. சிக்னல் வந்து வண்டி ஸ்லோ ஆச்சின்னா, ரெண்டு கையயும் மேல தூக்கிக்கறா. நான் கண்ணாடியில பாக்கறேன். ஒவ்வொரு சிக்னல்லயும். கை வலிக்குதோ இன்னாவோ, டாக்டர்கிட்ட காட்டலாமான்னு லவினா கேக்குது."

ஈவ்லின் கம்பியைப் பிடித்திருந்த கையை மாற்றினாள். "அழறாளா?" என்றாள்.

"இல்லக்கா. அழல. தூக்கிகினு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பாத்துகினே இருப்பா. பச்ச விழுந்து வண்டி கெளம்பிச்சின்னா அவளே எறக்கிடறா."

என் எதிரில் இருந்த சம்பங்கி வாயைப் பொத்திக்கொண்டாள். பெட்டியில் எங்கள் ஆட்கள் ஏழெட்டுப் பேருக்குக் கேட்டிருக்கும்.  அந்தக் குழந்தை ஏன் யாரிடம் போனாலும் அழவில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்குத் தெரிந்த மடிகள் எல்லாம் திருப்பிக் கொடுக்கிற மடிகள். ஷெர்வினிடமும் அப்படித்தான் போயிருக்கிறாள். அவளுடைய ஸ்டேஷன் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு சிக்னலிலும் பார்க்கிறாள், இன்னும் வரவில்லை.

சொல்லிவிடு, அவனும் தெரிந்துகொள்ளட்டும் என்று நான் ஈவ்லினின் புடவையை இழுத்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"டாக்டரெல்லாம் வாணாம் ஷெர்வின்" என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது. அவளால் அது எப்படி முடிந்ததோ. "கொழந்தைங்க அப்டிதான். நீ ஒண்ணு பண்ணு. போற எடம் வந்து வண்டிய நிறுத்தினதும், பைய எடுக்கறது, ஃபோன எடுக்கறது, அதெல்லாம் அப்புறம். மொதல்ல அவளத் தூக்கு. கை மேல இருக்கறப்பவே தூக்கிடு. எறக்க விடாத."

"அவ்ளோதானாக்கா?"

"அவ்ளோதான். தினமும் அப்டியே தூக்கு. கொஞ்ச நாள்ல உன்னப் பாத்து தூக்குவா."

"சரிக்கா. டைம் ஆச்சி, வெச்சிடறேன்."

ஃபோனைப் பையில் போட்டாள். அந்தப் பை என் மடியில்தான் இருந்தது. குனிந்து போட்டவள் நிமிரச் சற்று நேரமாயிற்று. நான் அவள் முதுகில் கை வைத்துக்கொண்டேன். திட்டுவதற்கு யாராவது கிடைப்பார்களா என்று தேடிப் பார்த்தேன், யாரும் இல்லை.

வண்டி வேகம் குறைந்தது. மாலூர் வந்தது. நின்றிருந்தவர்கள் அவரவர் பையையும் குழந்தையையும் வாங்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதிப் பெட்டி காலியாகிவிட்டது. உட்கார இடம் கிடந்தும், ஈவ்லின் நின்றுகொண்டே வந்தாள்.